ஏழாம் கூண்டில் வாசிப்பு

நெரிஸ் நாய்க் காப்பகத்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டே கால். வேல்ஸ் மலைப்பக்கத்து பிப்ரவரி மழை காலையிலிருந்து விட்டபாடில்லை. நனைந்த கோட்டை அலுவலக ஆணியில் மாட்டி, கைப்பேசியை மேசை இழுப்பறையில் போட்டாள். மணியடித்தால் நாய்கள் மிரளும். கூண்டுப் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது.

"மாலி சாப்பிட்டாளா?"

எமிர் வாளியைக் கீழே வைத்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பன்னிரண்டு வருடமாக இங்கே சம்பளமில்லாமல் கூண்டு கழுவுகிறார்.

"வந்து ஆறு நாளாச்சு, வெறும் தண்ணிதான். நாலு மணிக்கு டாக்டர் லவ்ரி வராங்க. யார் கையிலயாவது வாங்கித் தின்னா சரி, இல்லன்னா ஊசி போட்டு முடிச்சுடலாம்னு சொல்லிட்டாங்க."

"ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இன்னிக்குத் தின்னுவா."

"நேத்தும் இதையேதான் சொன்ன. இன்னிக்கு என்ன படிக்கப் போற?"

"விதைக் கம்பெனி அனுப்பின புத்தகம். வெங்காயம், முள்ளங்கி."

"அதுக்கு அந்த ஊசியே தேவல."

நெரிஸுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. போன வருடம் தன் கிழட்டு நாயை மடியில் கிடத்தி அதே ஊசியைப் போடச் சொன்னவள் அவள். இன்னொரு முறை அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

நாய்களைக் குட்டி போட வைத்து விற்றே பிழைத்த ஒருவனின் கொட்டகையிலிருந்து மாலியை மீட்டிருந்தார்கள். அங்கே ஒரு பெரிய கறுப்பு நாய் சங்கிலியோடு செத்துக் கிடந்தது. அதன் வயிற்றுக்கடியில் சுருண்டிருந்தாள் இந்த வெள்ளைக் குட்டி. இரண்டுக்கும் ஒரே கிண்ணம்தான். பெரியது தின்றபிறகு மீதியைத் தின்றுதான் இவள் வளர்ந்திருப்பாள் என்றார் எமிர்.

பயந்த நாய்க்கு இந்தக் காப்பகத்தில் ஒரு வைத்தியம் உண்டு. கூண்டுக்குள் போய், நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதையாவது ஒரே குரலில் வாசிக்க வேண்டும். என்ன ஆனாலும் திரும்பக் கூடாது. என்றைக்கு அது தானாக வந்து முதுகில் சாய்கிறதோ, அன்றைக்கு அது பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

ஏழாம் கூண்டு ஒரு செங்கல் அறை. கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியே. எதிர்ச் சுவரில், கம்பிவலை போட்ட முற்றத்துக்குப் போக, நாய் மட்டும் நுழையக்கூடிய ஒரு திறப்பு. கதவோரப் படுக்கையில் போர்வை மேடாகத் தெரிந்தது. நெரிஸ் அதை உற்றுப் பார்க்காமல் தாண்டிப்போய், திறப்பைப் பார்த்து உட்கார்ந்தாள். வேகவைத்த ஈரல் துண்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தாள்.

"சிவப்பு வெங்காயம். மார்ச் மாதம் நடவும்."

அரைமணி நேரம் வாசித்திருப்பாள். வெளியே தண்ணீர்க் குழாய் சீறியது. எமிர் நடைபாதையைக் கழுவுகிறார். உள்ளே ஆள் இருந்தால் கதவில் பேர் அட்டை தொங்க வேண்டும்; அட்டை இல்லாத கதவையெல்லாம் தாழிட்டுக்கொண்டே போவார்.

அட்டை அவள் கோட்டுப் பையில் இருந்தது.

தாழ்ப்பாள் விழுந்தது.

கூப்பிட வாயெடுத்த அதே நொடியில் முதுகில் ஒரு பாரம் சாய்ந்தது. மெதுவாக, முழுசாக. நெரிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மாலி வந்துவிட்டாள்! கதவு கிடக்கட்டும், இப்போது கத்தினால் எல்லாம் கெட்டுவிடும். அதே குரலில் முள்ளங்கிக்குப் போனாள்.

ஆனால் பாரம் அதிகமாக இருந்தது. காதோரம் பட்ட மூச்சு குளிர்ந்திருந்தது. துருவும் பழைய மூத்திரமும் கலந்த நாற்றம் எழுந்தது. எங்கோ சங்கிலி உரசியது.

இந்தக் காப்பகத்தில் சங்கிலியே கிடையாது.

திறப்புக்கு வெளியே ஏதோ அசைந்தது. நெரிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

மழையில் தொப்பலாக நனைந்தபடி மாலி நின்றிருந்தாள். அவள் பார்வை நெரிஸின் தோளுக்குப் பின்னால் இருந்தது.

நெரிஸ் வாசிப்பதை நிறுத்தினாள்.

முதுகெலும்பின் வழியே ஓர் உறுமல் ஏறியது.

"எமிர்..." குரல் காற்றாகத்தான் வந்தது. வந்திருந்தாலும் பயனில்லை, கழுவும்போது அவர் காது மெஷினைக் கழற்றிவிடுவார். எதற்கெடுத்தாலும் குரைக்கும் முப்பது நாய்களும் அன்றைக்கு மூச்சு விடவில்லை.

வாசித்தால் உறுமல் அடங்கியது. நிறுத்தினால் தொடங்கியது. பூசணி, பீன்ஸ், முட்டைக்கோஸ். புத்தகம் தீர இன்னும் இரண்டே பக்கம்.

மாலி ஈரலைப் பார்த்தாள். பிறகு நெரிஸின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். மறுபடி ஈரலை.

பெரியது தின்றபிறகுதான் இவள்.

நெரிஸ் ஒரு துண்டை எடுத்தாள். திரும்பாமல், தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

ஈரமான, ஐஸாய்க் குளிர்ந்த வாய் ஒன்று அவள் விரல்களை மூடி, மெதுவாக விலகியது.

கை காலியாக இருந்தது.

மாலி திறப்பில் தலையை நுழைத்து உள்ளே வந்தாள். நெரிஸின் உள்ளங்கையில் இருந்த அடுத்த துண்டைத் தின்றாள்.

நாலு மணிக்குத் தாழ்ப்பாள் திறந்தது.

"அடக் கடவுளே, உள்ளயா இருந்த? அட்டை எங்கம்மா?" எமிர் பதறினார். பின்னால் நின்ற டாக்டர் லவ்ரியின் பார்வை மாலியின் மெல்லும் வாயில் இருந்தது.

"உன் கையில தின்னுறா, நெரிஸ்! இன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. இது விட்டுப்போச்சுன்னா மறுபடி தின்ன மாட்டா. அப்புறம் என்கிட்ட ஊசிதான் இருக்கு."

நெரிஸ் அப்போதுதான் திரும்பினாள். போர்வை தட்டையாகக் கிடந்தது.

"ஸ்வெட்டர் பூரா என்னது இது?" எமிர் அவள் முதுகைத் தட்டிவிட்டார். கறுப்பு ரோமம் உதிர்ந்தது.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். மாலியின் விலா எலும்புகளைப் பார்த்தாள். கோட்டை எடுக்கப் போனாள்.

காரின் பின்சீட்டில் மாலி ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்து வந்தாள். மீதி சீட்டை யாருக்கோ விட்டிருந்தாள்.

வீட்டுச் சமையலறையில் நெரிஸ் ஒரு கிண்ணம் வைத்தாள். மாலி தொடவில்லை. நெரிஸின் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நெரிஸ் கதவைப் பார்த்தாள். நாலே எட்டுதான். ஆனால் அந்தக் கண்களை இப்படியே விட்டுப் போனால் நாளைக்கே ஊசி.

இரண்டாவது கிண்ணத்தை எடுத்து, பார்க்காமலே முதுகுக்குப் பின்னால் வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பிரித்தாள்.

"சிவப்பு வெங்காயம்," என்று தொடங்கினாள். "மார்ச் மாதம் நடவும்."

ஓடு பதித்த தரையில் சங்கிலி இழுபட்டு வந்தது. பின்னால் நக்கும் சத்தம் கேட்டு, அடங்கியது. முதுகில் பாரம் சாய்ந்தது.

மாலி தின்னத் தொடங்கினாள்.