மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்

சனிக்கிழமை காலை 8.20. இரணியலில் டயர் கடை வைத்திருக்கும் சத்தியராஜுக்கு ஒரு ஃபோன் வந்தது. பேசியவர் கொட்டாரம் ஊர்க்காரர் ஞானசிகாமணி. சத்தியராஜின் மகள் ஜாஸ்பினைக் கட்டப்போகும் டெனிஷின் அப்பா. சுகம் விசாரிக்கவில்லை.

"நாளைக்கு மூணாவது ஓலை வாசிக்க வேண்டாம்னு உங்க போதகர்ட்ட சொல்லிரும்."

கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து சபைக்கு அறிவிக்க வேண்டும். இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது நின்றால் ஊர் காரணம் கேட்கும். காரணம் கிடைக்காவிட்டால் ஊரே ஒன்று உண்டாக்கும், அது பெண்பிள்ளையின் தலையில்தான் விழும்.

ஞானசிகாமணி காரணத்தை வைத்துக்கொண்டுதான் பேசினார். முந்தின நாள் மாலை 5.40-க்கு நகைக்கடன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். சென்னைப் பேச்சு. சத்தியராஜ் நகையை அடகு வைத்து ஒன்பது மாதமாக வட்டி கட்டவில்லை, மொத்தம் நாலு லட்சத்து முப்பத்தேழாயிரத்து இருநூற்றுப் பதினாறு ரூபாய், ஜாமீன்தாரர் நீங்கள், ஆகவே நீங்கள் சொல்லிக் கட்டவையுங்கள் என்றாளாம்.

"கடன் யாருக்குதான் இல்ல? என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம என்னை ஜாமீன் போட்டீரே, அதாக்கும்." ஃபோனை வைத்துவிட்டார்.

கடன் உண்மை. ஜாஸ்பினை நர்சிங் படிக்கவைக்க மனைவியின் நகையை வைத்தது. ஜாமீன் பொய். அடகு விஷயம் வீட்டுக்கு வெளியே ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும்: தங்கை மகன் ஜெரிஷ். அடகு வைத்த அன்றைக்கு அவரை பைக்கில் கூட்டிக்கொண்டு போனவன். பிறகு ஜாஸ்பினைப் பெண் கேட்டான். தரவில்லை. அதோடு பேச்சுவார்த்தையும் நின்றுபோனது.

9.05. ஜெரிஷின் மொபைல் கடைக்குள் புகுந்து சத்தியராஜ் அவன் கன்னத்தில் அறைந்தார். கேள்வி கேட்கவில்லை. கேட்டுவிட்டு அடிக்கிற மனிதர்கள் குறைவு.

9.40. போலீஸ் ஸ்டேஷன். அடித்தவரும் அடிபட்டவனும் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில். ஏட்டு முத்துக்கனி எதிரில் வந்து உட்கார்ந்தாள். இருபது வருட சர்வீஸில் யார் சொன்னதையும் முதல் தடவையில் அவள் நம்பியதில்லை.

"ஏலே, நீதான் ஆள வச்சு ஃபோன் போட்டியா?"

"இல்லக்கா."

"அடகு விஷயம் உனக்கு தெரியுமில்லா?"

"வச்சது தெரியும். வட்டி கெட்டுனாரா கெட்டலியான்னு நான் என்னத்த கண்டேன்? மாப்பிள்ளைக்க அப்பா நம்பரே எனக்கு தெரியாது. ஊருக்கெல்லாம் கல்யாண கார்டு குடுத்தாரு, எங்க வீட்டுக்கு ஒண்ணு தரல்ல."

சத்தியராஜ் தரையைப் பார்த்தார். தரவில்லைதான்.

முத்துக்கனி கொட்டாரத்துக்கு ஃபோன் போட்டாள். கேட்டது ஒன்றே ஒன்று: அந்தப் பெண் கூப்பிட்டது எந்த நம்பருக்கு? தேங்காய் வியாபார ஃபோன் எந்நேரமும் அடித்துக்கொண்டிருப்பதால், கார்டில் போடுவதற்கென்றே புதிதாக ஒரு நம்பர் வாங்கியதாகவும், அதற்குத்தான் வந்தது என்றும் ஞானசிகாமணி சொன்னார். அந்த நம்பர் வேறெங்கும் கொடுத்ததில்லை. நிச்சய மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்க இரணியலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரை, நேரே நகைக்கடன் கம்பெனிக்கு வரச் சொன்னாள்.

அடுத்து சத்தியராஜிடம், இந்த ஊரில் யார் யாருக்குக் கார்டு கொடுத்தீர் என்று கேட்டாள். போதகர், சொந்தக்காரர், டயர் கொண்டுவரும் ஆள், பக்கத்துக் கடைகள் என்று அடுக்கினார். கடைசியில் தயங்கினார்.

"மேனேஜருக்கும் குடுத்தேன். வட்டிக்கு அவகாசம் கேக்கப் போன இடத்துல, வெறுங்கையோட நிக்காண்டாம்னு. போய்வார இடமில்லா, விளிக்காட்டா ஒருமாதிரி நினைப்பாங்க."

"என்னைக்கு?"

"பதினாலாம் தேதி. பதினொண்ணே முக்கால் இருக்கும்."

11.30. கம்பெனி. கண்ணாடிக் கதவு, ஏசி, மேனேஜர் மகேஷ்குமார். வந்ததும் காபி சொன்னான். இந்த மாதிரி இடங்களில் கேட்காமல் வரும் காபியைக் குடிக்காமல் இருப்பது நல்லது. முத்துக்கனி குடிக்கவில்லை. மோதிரப் பெட்டியோடு வந்த ஞானசிகாமணி, சத்தியராஜுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

மேனேஜர் நிதானமாகப் பேசினான். கம்பெனியிலிருந்து ஒரு விவரமும் வெளியே போகாதாம். அடகுச் சீட்டைப் பார்த்த சொந்தக்காரன் எவனாவது விளையாடியிருப்பானாம்.

முத்துக்கனி சீட்டை வாங்கிப் பார்த்தாள். நகை எடை, வட்டி விகிதம், கொடுத்த தொகை நாலு லட்சம். அவ்வளவுதான்.

"நேத்து தேதிக்கு இவரு எவ்வளவு கெட்டணும்?"

அவன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான். "4,37,216."

"இன்னைக்கு?"

"4,37,347. வட்டி தினம் ஏறும் மேடம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

"நேத்து விளிச்ச பொண்ணு சொன்ன அதே தொகை. நேத்து ஒருநாளைக்கு மட்டும் உள்ளது," என்றாள் முத்துக்கனி. "கடன்காரருக்கே தெரியாது. சீட்டுல கிடையாது. உங்க கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் உண்டு. விளிச்ச நம்பர் கல்யாண கார்டுல மட்டுந்தான் உண்டு. ஜெரிஷ் கையில ரெண்டும் இல்ல. கார்டு கிடைச்ச மத்தவங்க கையில தொகை இல்ல. ரெண்டும் உள்ள இடம் இந்த மேசை ஒண்ணுதான். ஜாமீன் யாருன்னு உள்ள பக்கத்த திறயும்."

"வாடிக்கையாளர் விவரம் மேடம். வெளி ஆளுக்குக் காட்டக் கூடாது."

"வாடிக்கையாளர் இந்தா இருக்காரு. வேய், காட்டலாமா?"

"காட்டட்டு," என்றார் சத்தியராஜ்.

திரை திரும்பியது. ஞானசிகாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்து படித்தார். ஜாமீன்தாரர்: ஞானசிகாமணி. சேர்த்த தேதி: 14, பகல் 12.10. சேர்த்தவர்: மகேஷ்குமார்.

கார்டு கைமாறி இருபத்தைந்தாவது நிமிடம்.

மேனேஜரின் குரல் இறங்கிவிட்டது. வட்டி நிற்கிற எல்லோருக்கும் இரண்டாவது நம்பர் ஒன்று சேர்க்கும்படி தலைமை அலுவலகம் நெருக்கியதாம். சம்பந்தி என்று போட அதில் இடம் இல்லையாம். இருந்ததில் ஜாமீன்தாரர் என்பதை அமுக்கினானாம். சென்னையிலிருந்து நேரே மாப்பிள்ளை வீட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கவில்லையாம். வேறு எதற்கு அந்த நம்பர் என்று முத்துக்கனி கேட்டாள்.

ஞானசிகாமணி சத்தியராஜின் பக்கம் திரும்பினார். மோதிரப் பெட்டி கையிலேயே இருந்தது.

"கடன் இருக்குன்னு நீரே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்," என்றார் சத்தியராஜ். "பயந்துட்டேன்."

"ஓலை வாசிக்கட்டு." பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேனேஜர் மூச்சு விட்டான். "நல்லபடியா முடிஞ்சுது. அந்த நம்பரை இப்பவே எடுத்துடறேன்."

"தொடாதேயும்," என்றாள் முத்துக்கனி. ஃபோனில் திரையைப் படம் பிடித்தாள். ஒரு வெள்ளைத்தாளை சத்தியராஜின் முன்னால் வைத்து எழுதச் சொன்னாள். என் விவரத்தை யார் யாரிடம், எந்தத் தேதியில், என்ன சொன்னீர்கள்? நான் போடாத ஜாமீனைப் போட்டது யார்? அதை நீக்கியதாகவும், இனி யாரையும் கூப்பிட மாட்டோம் என்றும் எழுத்தில் தாருங்கள். முப்பது நாளில் ஒழுங்கான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகும். இரண்டு பிரதி, ஒன்றில் கம்பெனி சீல். அதோடு, ஜெரிஷின் கன்னத்துக்குச் சத்தியராஜ் பதில் சொல்ல வேண்டும், அது தனி என்றும் சொன்னாள்.

சத்தியராஜ் எழுதி முடிக்க அரைமணி நேரம் ஆனது. டயர் கழற்றுகிற கை, பேனா வழுக்கியது.

12.50. மேனேஜர் தாளைப் பார்த்தான், சீலைத் தொடவில்லை. "கல்யாண வீடு சார். அதான் எல்லாம் சரியாயிடுச்சே, இது எதுக்கு?"

"கல்யாணம் நடந்தா நீரு சொன்னது சொல்லாததா ஆயிருமா?" என்றார் சத்தியராஜ். "சீல வையும்."

அவன் வைத்தான். மை பாதிதான் பதிந்தது. சத்தியராஜ் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திரும்ப மேசைமேல் வைத்தார்.

"தெளியல்ல. இன்னொண்ணு குத்தும்."