தேக்சா மாறிப் போச்சு

"ஏங்க... அது நான் செஞ்ச பிரியாணிங்க."

வாயில் வைத்த கவளத்தோடு நிமிர்ந்தாள் மஹ்ஜபீன். தார்ப்பாய்க்கு வெளியே, தூறலில், தொப்பலாக நனைந்து ஒருவன் நின்றான். நெற்றியில் ஒட்டிய முடி... அதற்குக் கீழே சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்த இரண்டு கண்கள். கையில் மூடி போட்ட ஒரு பிரியாணி தேக்சா.

வேப்பம்பட்டுக்கு அப்பால் இருந்த அந்த ஏரிக்கரைப் பூங்காவில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்க, பூந்தமல்லியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கரையில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பொதுக் கொட்டகைக்கு ஓடினார்கள். மழை குறைந்ததும், கையில் அகப்பட்டதைத் தூக்கி வந்துவிட்டார்கள்.

"நல்லா கீதே கதை. இது எங்க அத்தா செஞ்சது."

"உங்க அத்தா பிரியாணில உருளைக்கிழங்கு போடுவாரா?"

தட்டைப் பார்த்தாள். கறிக்குப் பக்கத்தில் கொழுகொழுவென்று ஓர் உருளைக்கிழங்கு.

"ரெண்டு தேக்சாவும் ஒரே வாடகைக் கடைதுங்க. பாதி சாப்ட்டப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது."

அவன் சொன்னதுகூடப் பரவாயில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவள் சொன்னதுதான் வினை. 'அத்தா, இத்தன வருசத்துல இன்னிக்குதான் உங்க பிரியாணி பிரியாணியா கீது.' கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா ஷவுகத் அலி, தாடியைத் தடவிக்கொண்டு பூரித்துப் போயிருந்தார். இப்போது அந்த முகம் சுண்டிப் போயிற்று.

"எடுத்துக்கினு போகச் சொல்லு. காலைல நாம கெளம்பறோம்."

அத்தாவைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அவனைப் பார்த்தால்... வேறு என்னவோ செய்தது. போயும் போயும் இவன் ஏன் இவ்வளவு நன்றாகச் சமைக்க வேண்டும்? விடிந்தால் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் அவனை எங்கே போய்ப் பார்ப்பது?

காலையில் அத்தா கூடார முளைகளைப் பிடுங்கத் தொடங்கியபோது, அவனே வந்து நின்றான்.

"மாமா... நேத்து உங்க பிரியாணிய சாப்ட்டேன்."

"அதுக்கு இன்னா இப்ப?"

"சோறு கொஞ்சம் கொழைஞ்சிடுச்சு."

போச்சு... மஹ்ஜபீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா கறி... எனக்கு ஒரு நாளும் அப்படி வெந்ததில்ல. எப்படி மாமா?"

ஷவுகத் அலி கையில் முளையோடு அவன் பக்கம் திரும்பினார். வீட்டில் யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை.

"தயிர நீ எப்ப ஊத்துற?" என்றார். முளை கீழே கிடந்தது. அன்றைக்கு யாரும் கிளம்பவில்லை.

சாயங்காலம் படகுத் துறையில் தனியாக நின்றவன் பக்கத்தில் போய் நின்றாள். ஏரியில் மிதிபடகுகள் சோம்பலாக நகர்ந்துகொண்டிருந்தன.

"அத்தாவுக்கு நல்லா ஐஸ் வெச்சீங்க..."

"ஐஸ் வெக்கறவன் சோறு கொழைஞ்சிடுச்சுன்னு சொல்லுவானா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்த நேர்மை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"அப்ப... கறிக்காகத்தான் வந்தீங்களா?"

அவன் காது சிவந்தது. "இல்ல. நேத்திலேர்ந்து உங்க மூஞ்சிதான் கண்ணுக்குள்ளயே கீது. எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. பொண்ணு கேட்டு எங்க அம்மாவ உங்க ஊட்டுக்கு அனுப்பட்டுமா? நீங்க வேணாம்னு சொன்னா... அனுப்பல."

அவளுக்குச் சட்டென்று கண் நிறைந்தது. இதுவரை வந்த வரன்கள் எல்லோரும் அத்தாவைக் கேட்டார்கள், அம்மாவைக் கேட்டார்கள், பக்கத்து வீட்டில்கூட விசாரித்தார்கள். அவளை ஒருவரும் கேட்டதில்லை.

"உங்க பேரே இன்னும் சொல்லலியே..."

"ராஷித். காட்டுப்பாக்கம்."

"ராஷித்..." மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "அம்மாவ சீக்கிரம் வரச் சொல்லுங்க. எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு."