மெழுகு வளையம்

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போன மாதப்பன் மத்தியானம் தாண்டியும் திரும்பவில்லை. பிளம்பர்கள் இப்படிப் பாதியில் விட்டுப் போவது ஹெப்பாளில் புதுசு ஒன்றும் இல்லை. இங்கே கொஞ்சம் தட்டி, அங்கே கொஞ்சம் உடைத்து, எல்லா வீட்டுக்காரர்களையும் வாசலில் காக்க வைப்பதுதான் அவர்கள் தொழில் தர்மம். ஆனால் போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். மாதப்பனின் ரப்பர் செருப்பு வாசலிலேயே கிடந்தது. உளியும் சுத்தியலும் குளியலறைத் தரையில் கிடந்தன. போன் சுவிட்ச் ஆஃப். இந்தத் தூறலில் ஒருத்தன் வெறுங்காலோடு எதற்காக ஓட வேண்டும் என்று யோசித்தபோது வீட்டில் காத்திருந்த ஜேக்கப்புக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

இன்று சாயங்காலம் அவன் மனைவி ஷாரன் குழந்தையோடு வீட்டுக்கு வருகிறாள். குறைமாதத்தில் வயிற்றைக் கிழித்து எடுத்த பெண் குழந்தை; வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, இப்போதுதான் அம்மாவின் கைக்கு வந்திருந்தது. அழுக்கு, கிருமி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் இருப்பதோ ஒரே குளியலறை. அங்கே கம்மோடின் அடியிலிருந்து ஒரு கசிவு, எப்போதும் ஒரு வாடை. ஜேக்கப்புக்குக் குழந்தையின் மேல் இருந்தது பாசம் மட்டும் இல்லை, பயமும்தான். பெட்டிக்குள் அது மூச்சு விடுவதை எண்ணி எண்ணிப் பார்த்தே அவன் இளைத்திருந்தான்.

அதனால்தான் கம்மோடின் அடியை உடைக்கச் சொன்னான். ஐ.டி. கம்பெனி வளாகத்தில் பராமரிப்பு சூப்பர்வைசர் அவன். அங்கே எந்தக் கம்மோடைத் தூக்கினாலும் அடியில் முறையான சீல் இருக்கும். இந்த ஊர் வாடகை வீடுகளிலோ எல்லாவற்றுக்கும் வெள்ளை சிமெண்ட்தான். கம்மோடைத் தரையில் வைத்து, சுற்றிலும் வெள்ளை சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டால் வேலை முடிந்தது. சோம்பேறிகளின் சீல் என்று அதைக் கேலி செய்வான். மாதப்பன் காலையில் உளியை வைத்துத் தட்டத் தட்ட சிமெண்ட் வந்துகொண்டே இருந்தது. சுற்றிலும் மட்டும் இல்லை, அடியிலும், குழாயின் வாய்க்குள்ளும், ஒரு சின்னக் குழாய் போகிற அளவு வழி விட்டுக் கெட்டியாக அடைத்திருந்தார்கள். அதையெல்லாம் கொத்தி எடுத்து, கம்மோடை ஓரமாக நகர்த்தி, ஓட்டைக்குள் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மாதப்பன் டீ குடிக்கப் போனான்.

ஜேக்கப் வீட்டு ஓனர் கெம்பையனுக்குப் போன் செய்தான். ஹனூர்ப் பக்கத்துக்காரர், மரியாதையான மனுஷன்.

"ஒடைச்சுப்போட்டீங்களா தம்பி?"

"ஆமா சார். கசிஞ்சுட்டே இருந்துச்சு. புது சீல் போட்டுடறேன்."

"நானே கூட நின்னு போட வெச்சதுங்க அது. ரெண்டு மூட்ட எறங்குச்சு."

"ஒரு கம்மோடுக்கு ரெண்டு மூட்டையா சார்?"

"பொழுது சாயறதுக்குள்ள மூடிப்போடுங்க. கொழந்தைய இன்னிக்குக் கூட்டியாராதீங்க, தம்பி. நாஞ்சொல்றதக் கேளுங்க."

ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். பிறகு எடுக்கவில்லை. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தோமோ என்று ஒரு கணம் தோன்றியது. பெரியவர்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு சாங்கியம் என்று அதை ஒதுக்கித் தள்ளினான்.

ஓட்டையிலிருந்து வாடை வந்துகொண்டிருந்தது. சாக்கடை வாடை அவனுக்குப் பழக்கம். இதில் சாக்கடைக்கு அடியில் இன்னொன்று இருந்தது, லேசாக, புளித்த பால் மாதிரி. கடைக்குப் போய் வரும்வரை குழாயை அடைக்க வேண்டும். கையில் கிடைத்தது ஷாரன் குழந்தைக்காகத் துவைத்து வைத்திருந்த பழைய வேட்டித் துணி. மனசு கேட்காமல் ஒன்றே ஒன்றை உருவி, கசக்கிப் பந்தாக்கி, ஓட்டைக்குள் திணித்துவிட்டுக் கிளம்பினான்.

ரிங் ரோட்டுப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சுப்பையா இரண்டு வகையை எடுத்துப் போட்டார். ஒன்று ரப்பர் கேஸ்கெட், இன்னொன்று மெழுகு வளையம். தரை மட்டம் ஏறியிறங்கி இருந்தால் ரப்பர் ஒத்துவராது, மெழுகுதான் சந்துபொந்தில் போய் உட்காரும் என்று ஜேக்கப்புக்கே தெரியும். மெல்லிய வளையத்தை எடுத்தான்.

"கொழாய் டைல்ஸுக்குக் கீழ இருக்கா பாஸ்? அப்ப தடிமன் வேணும். இது எட்டாது."

"இது போதும்ணா."

"நீங்க சொன்னா சரி. இருந்தாலும் தடிமன் ஒண்ணு கையோட வெச்சுக்கோங்க, வேணாம்னா திருப்பிக் குடுங்க. மெழுகு ஒரு தடவ அமுங்கினா அமுங்கினதுதான். எது பட்டாலும் அச்சு விழுந்துடும். திருப்பித் தூக்கினா புதுசுதான் போடணும், ஆய்தா, சரிதானே?"

இரண்டு வளையத்தையும் வாங்கிக்கொண்டு வரும் வழியில் ஷாரன் போனில் கூப்பிட்டாள். "ஏங்க, டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு. நீங்க அலைய வேணாம், வேலைய முடிங்க. கனகா அக்கா ஆட்டோல கொண்டாந்து விடறேன்னு சொல்றாங்க."

கனகா அவளோடு வேலை பார்க்கும் நர்ஸ். கெம்பையன் சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் சிரிப்பாள். சரி என்றான்.

வீட்டில் கரண்ட் இல்லை. குளியலறையின் சின்ன ஜன்னலிலிருந்து விழுந்த மழை வெளிச்சத்தில் ஓட்டை திறந்து கிடந்தது. அடைத்த துணி அதற்குப் பக்கத்தில் டைல்ஸின் மேல் இருந்தது. நனைந்திருந்தது. கேஸ் முட்டித் தள்ளியிருக்கும், குழாய்க்குள் காற்று அடைத்தால் அப்படி நடப்பதுண்டு என்று சொல்லிக்கொண்டே எடுக்கக் குனிந்தவன் கையை இழுத்துக்கொண்டான். துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. குழந்தைக்கு இடுப்பில் கட்டுவதற்கு மடிப்பதுபோல, முக்கோணமாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கையால் நீவி.

"மாதப்பா?" என்று கூப்பிட்டான். அவன் வந்து மடித்திருப்பான் என்று நம்ப ஆசையாக இருந்தது. வாசலில் செருப்பு இடம் மாறாமல் கிடந்தது.

வேலையை முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். கையுறை மாட்டிக்கொண்டான். குழந்தையைத் தொட வேண்டிய கை. மெல்லிய மெழுகு வளையத்தைக் கம்மோடின் அடிவாயில் ஒட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கி, ஆட்டாமல் அசைக்காமல் ஓட்டைக்கு நேராக இறக்கினான். அவனுடைய ட்ரில் மிஷின் கரண்ட் இல்லாமல் சும்மா கிடந்தது. திருகு அடிப்பது பிறகுதான். மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து முழு எடையையும் கொடுத்தான். மெழுகு மெதுவாக அமுங்குவது தொடையில் தெரிந்தது. நல்ல வேலை என்று திருப்தியாகக்கூட இருந்தது.

வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். வெளியே ஒரு சொட்டு கசியவில்லை. தண்ணீர் சுழன்று இறங்கியது. இறங்கிப் போகும் சத்தம் தூரத் தூரப் போய்த் தேய வேண்டும். தேயவில்லை. பக்கத்திலேயே, தரைக்குச் சற்றுக் கீழே நின்று, மடக், மடக் என்று கேட்டது. தாகத்தில் இருக்கும் யாரோ நிதானமாகக் குடிப்பதுபோல. வாளியில் மிச்சம் இருந்ததை அவன் ஊற்றவில்லை.

பிறகு கம்மோடு அசைந்தது. அவன் தொடவில்லை. ஒரு பக்கம் மட்டும் நூல் அளவு எழுந்து, இறங்கியது. அந்தச் சந்தில் புளித்த பால் வாடை.

வளையம் எட்டவில்லை, சுப்பையா சொன்னதுதான் சரி, தடிமன் போட்டிருக்க வேண்டும். இதை வாய்விட்டே சொன்னான். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. கம்மோடைத் தூக்கிச் சரித்து, போன் டார்ச்சை அடியில் அடித்தான்.

மெழுகில் அச்சு விழுந்திருந்தது. வெளிப்பக்கம் டைல்ஸின் அச்சு, அது நியாயம். உள்பக்கம், குழாயைப் பார்த்த பக்கம், விரல்கள். வரிசையாக. நீளமான, மெலிந்த, ஒரு பொம்பளையின் விரல்கள், கீழிருந்து மேலே வந்து வளையத்தைப் பற்றிய விரல்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் நகக் குறி. கையுறைக்குள் தன் விரல்களைப் பார்த்தான். கட்டைவிரல்கள்போல் தடித்தவை. நகம் தெரியாதவை.

ஷாரனுக்குப் போன் அடித்தான். முழுதாக அடித்து நின்றது. திரும்ப அடித்தான். கனகாவின் எண் அவனிடம் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் கிளம்பிவிட்டார்கள் என்றார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனையில் போய் நிற்கலாம். ஆட்டோ எந்தப் பக்கமாக வரும்? அவளிடம் சாவி இருக்கிறது. அவன் ஒரு பக்கம் நிற்க அவள் இன்னொரு பக்கமாக வந்துவிட்டால், திறந்த ஓட்டையும் குழந்தையும் ஒரே வீட்டில். மூடிவிட வேண்டும். முதலில் மூட வேண்டும்.

தடிமன் வளையத்தை ஒட்டினான். ஓட்டைக்குள் பார்க்காமல் இறக்கினான். உட்கார்ந்தான். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினான். அமுங்கியது. நன்றாக உட்கார்ந்தது. அசைவில்லை. வாடையில்லை.

அப்புறம் கீழிருந்து தள்ளியது.

வேகமாக இல்லை. அவசரமே இல்லை. கதவுக்குப் பின்னால் நிற்கும் ஆள் திறக்கிறதா என்று தோளால் பார்ப்பதுபோல ஒரு தள்ளு. அவன் முழு பலத்தையும் கொடுத்தான். நின்றது. மறுபடி. இயேசுவே என்றான். எழ முடியாது. எழுந்தால் சீல் விட்டுவிடும்.

வாசலில் ஆட்டோ சத்தம். சாவி திரும்பியது.

"ஏங்க? இருட்டுல எங்க இருக்கீங்க?"

"உள்ள வராத ஷாரன்! பாப்பாவத் தூக்கிட்டுக் கனகா அக்கா கூடவே போயிடு. இப்பவே!"

"ஆட்டோ போயிடுச்சுங்க. கொட்டற மழைல எங்க போறது? என்னாச்சு உங்களுக்கு?"

குளியலறை வாசலில் வந்து நின்றாள். நெற்றியெல்லாம் மழைத்துளி. தோளில் குழந்தை, தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது. ஷாரன் மூக்கை உறிஞ்சிப் பார்த்துச் சிரித்தாள். "வாடையே போயிடுச்சே. சமத்து." பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தாள். "தையல் இழுக்குது. சித்த நேரம் பிடிங்க, நான் போய்ச் சாஞ்சுக்கறேன்."

"வேணாம்..."

அதற்குள் அவன் மடியில் வைத்துவிட்டாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து பக்கத்து அறைக் கட்டிலில் சாய்ந்தாள். கட்டில் கிறீச்சிட்டது. அவன் கையுறையைப் பல்லால் உருவித் துப்பிவிட்டு மகளை நெஞ்சோடு அணைத்தான். எடையே இல்லாத உடம்பு. சூடு. அழுகையில் துடித்தது.

தள்ளுவது நின்றிருந்தது.

காத்திருந்தான். நிஜமாகவே நின்றிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று மனசுக்குள் சொன்னான்.

ரோ... ரோ... ரோ... என்று கேட்டது. மெல்ல. ஈரமாக. தாலாட்டு.

பக்கத்து அறையிலிருந்து ஷாரனின் தூக்கம் கலந்த குரல் வந்தது. "பரவால்லையே. அப்பா தாலாட்டக்கூடக் கத்துக்கிட்டாரே."

ஜேக்கப்பின் வாய் மூடித்தான் இருந்தது.

குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது. அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான். அது அவன் நெஞ்சிலிருந்து முகத்தை மெல்ல, பிடிவாதமாகத் திருப்பியது. அவன் தொடைகளுக்கு நடுவே, மூடிக்குக் கீழே, சத்தம் வந்த இடத்தைத் தேடிக் கழுத்தை நீட்டி, பாலுக்கு வாய் திறந்தது.