இரண்டாவது பச்சைப் புள்ளி

பீப்... பீப்... பீப்...

கணினி போட்ட அலறலில் அவளுடைய மதியச் சாப்பாட்டு மயக்கம் மொத்தமாகக் கலைந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. மெக்கானிக்குகளுக்கெல்லாம் கம்பெனியே போன் கொடுத்திருந்தது. எந்த போன் எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது, சார்ஜ் எவ்வளவு என்று திரை தானாகவே காட்டிக்கொண்டிருக்கும். இயங்கும் போன் பச்சைப் புள்ளி. அணைந்த போன் சாம்பல் புள்ளி. அந்தப் புள்ளிகளை மேய்ப்பதுதான் அவளுடைய வேலை.

வெகுநாளாகச் சாம்பலாகக் கிடந்த ஒரு புள்ளி இப்போது பச்சையாக மினுமினுத்தது.

விசிலண்ணனின் போன்.

வேலை செய்யும்போதெல்லாம் விசிலடிப்பார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். போன மழைக்காலத்தில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில், லிப்ட் ஓடும் பாதைக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கினார். தேங்கியிருந்த தண்ணீரிலிருந்து அவரைப் பிணமாகத்தான் தூக்கினார்கள். தண்ணீரை இறைத்துப் பார்த்தும் போன் மட்டும் கிடைக்கவில்லை.

தொலைந்த போனைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் மேலதிகாரிகள் ஒவ்வொருவர் அறையாக ஏறி இறங்க வேண்டும். அந்தப் பிரிவில் யாரும் அந்த வம்புக்குப் போவதில்லை. ‘ரிப்பேரில் இருக்கிறது’ என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அவளும் அப்படித்தான் போட்டிருந்தாள்.

பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, செத்தவர் டூட்டிக்கு வந்துட்டாரா? ஓவர்டைம் கேக்கப்போறாரு, பாத்து!”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புள்ளி இருந்த இடம் அதே கட்டடம். அதன் பக்கத்தில் இன்னொரு பச்சைப் புள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய தம்பி.

அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. கையைக் காலைப் பிடித்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அவன் சேர்ந்ததே விசிலண்ணன் இறந்த பிறகு. அவர் முகம் அவனுக்குத் தெரியாது.

திரையில் வேலை விவரம் விரிந்தது. லிப்ட் நின்றுவிட்டது, குழியில் இறங்கிப் பார்க்க வேண்டும். அந்தச் சாவுக்குப் பிறகு தனி ஆள் குழியில் இறங்கக் கூடாது என்று கம்பெனி சட்டம் போட்டிருந்தது. இரண்டு போன்கள் ஒரே இடத்தில் இருந்தால்தான் சிஸ்டம் அனுமதி தரும்.

இரண்டு போன்கள் ஒரே இடத்தில் இருந்தன.

‘கூட்டாளி வந்துவிட்டார். இறங்கலாம்.’

அவள் பதறிக்கொண்டு தம்பியை அழைத்தாள்.

“சொல்லுக்கா. சாப்டியா?”

“டேய், எங்க இருக்கே? குழிக்குள்ள இறங்காத!”

“ஏன்? அதான் கூட ஆள் வந்தாச்சே. எனக்கு முன்னாடியே உள்ள இறங்கி நிக்கிறாரு. பெரிய மனுஷன், வாயே தொறக்க மாட்டேங்கிறாரு. குழி காஞ்சு கெடக்கு, இவரு மட்டும் தொப்பலா நனைஞ்சிருக்காரு. எங்க போய் முங்கிட்டு வந்தாரோ!”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால், ஆழத்திலிருந்து, மெல்ல ஒரு விசில் சத்தம் கேட்டது.



“அவர் பக்கத்துல போகாதடா... வெளிய ஓடி வந்துடு. அக்கா சொல்றேன்ல...”

“நீ வேறக்கா! கைய நீட்டிக் கூப்பிடுறாரு. லைட் புடிக்கணும்போல. அப்புறம் பேசறேன்.”

வைத்துவிட்டான்.

மறுபடி அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை.

விசிலண்ணனின் போனைப் பூட்டும் கட்டளையை அனுப்பினாள். எந்த போனாக இருந்தாலும் உடனே பூட்டிக்கொள்ளும். பதில் வந்தது.

‘வைத்திருப்பவர் மறுத்துவிட்டார்.’

அப்படி ஒரு பதில் அந்த சிஸ்டத்திலேயே கிடையாது.

வேலை விவரத்தில் கட்டடக் காவலாளியின் எண் இருந்தது. உடனே அழுத்தினாள்.

“ஐயா, லிப்ட் குழியில என் தம்பி இருக்கான். அவனை வெளியே இழுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

“பதறாதீங்கம்மா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்க. போய்ப் பாத்துட்டு நானே கூப்பிடறேன்.”

திரையில் இரண்டு புள்ளிகளும் ஒன்றை ஒன்று தொட்டன.

ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன.

அசையவில்லை.

பக்கத்து சீட்காரர் இப்போது கேலி செய்யவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. கண்ணுக்கு எதிரே தம்பி இருந்தான், பச்சை நிறத்தில், கடுகளவில். திரைக்குள் கையை விட்டுத் தூக்க முடியவில்லை.

திடீரென்று விசிலண்ணனின் புள்ளி சாம்பலானது.

தம்பியின் புள்ளி நகர்ந்தது. கட்டடத்தை விட்டு வெளியே வந்தது. சாலையில் ஏறியது.

“வந்துட்டான்! சார், வெளியே வந்துட்டான்!”

வாய்விட்டு அழுதாள். புள்ளி பாலத்தைத் தாண்டி, சிக்னலில் நின்று, நேராக அவர்களுடைய ஆபீஸை நோக்கி வந்தது. வரட்டும், முதலில் முதுகில் நாலு வைக்க வேண்டும், பிறகுதான் பேச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

புள்ளி ஆபீஸ் வாசலுக்குள் நுழைந்தது. வெளியே, நடையின் கோடியில், லிப்ட் மேலே ஏறும் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

மேசைமேல் போன் அடித்தது. காவலாளி.

“அம்மா, உங்க தம்பி இன்னும் குழிக்குள்ளதான் கெடக்காரு, கூப்பிட்டா அசைவே இல்ல... கூட வந்தவர்தான், தம்பியோட போனை உங்க கையிலயே குடுத்துடறேன்னு சொல்லி, சொட்டச் சொட்ட நனைஞ்சபடி அங்க கிளம்பிப் போனாரு.”