உறங்கும் எண்மாற்றி

பேச்சியரசி வீட்டுக் காதுகுத்து விருந்தில் சமைக்கும் முன் ஆட்டுக்கறியை மோந்து பார்த்தது அவளுடைய அண்ணன் சுடலைமணி ஒருவன்தான். கறிப்பொட்டலங்களில் வாடை பிடிக்கும் மணக்கண் ஒட்ட ஆரம்பித்த பிறகு மோந்து பார்ப்பது நாகரிகமில்லாத காரியமாகிவிட்டது. பச்சை எரிந்தால் நல்ல கறி, சிவப்பு எரிந்தால் கெட்டது, அவ்வளவுதான். அதிலும் மணக்கண்ணைச் செய்தவளின் வீட்டிலேயே மோந்து பார்த்தால் எப்படி?

"ஏட்டி அரசி, லேசா வாடை அடிக்கே," என்றான் சுடலைமணி.

"பச்சைதானே எரியுது அண்ணே? உன் மூக்கைவிட அதுக்கு நல்லாத் தெரியும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுடலைமணியும் சிரித்தான். தாய்மாமனாகப் பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தி முடித்ததும் முதல் பந்தியில் உட்கார்ந்தான். தங்கச்சி முகம் வாடக்கூடாதென்று கறியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் விருந்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தண்ணீர் சரியில்லை என்று எல்லோரும் சமையல்காரரைத் திட்டினார்கள். கறியை ஒருவரும் சந்தேகப்படவில்லை. அரசி மட்டும் குப்பைத்தொட்டியைக் கிளறி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மிச்சக் கறி நாறிக்கொண்டிருந்தது, விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

கறியிலிருந்து வரும் வாயுவை மணக்கண் மின்னழுத்தமாக்கும், அதை எண்ணாக மாற்றுவது எண்மாற்றியின் வேலை. அந்த வேலைதான் மின்சாரத்தைத் தின்னும். அதற்கு அரசி ஒரு தந்திரம் செய்திருந்தாள். முந்தின நொடியைவிட மின்னழுத்தம் சட்டென்று மாறினால்தான் எண்மாற்றி விழிக்கும், இல்லாவிட்டால் உறங்கும். கடுகளவு மின்கலம் வருடக்கணக்கில் உழைத்தது, விருதும் கிடைத்தது. சோதனைக்கூடத்தில் கெட்ட கறியைத் திடீரென்று பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், ஒவ்வொரு முறையும் சிவப்பு எரிந்தது. ஆனால் கடையிலும் வண்டியிலும் கறி திடீரென்று கெடுவதில்லை, நொடிக்கு நொடி கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது, எண்மாற்றி விழிப்பதே இல்லை. இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மற்றவர்கள் தேறிக்கொண்டிருந்தார்கள். சுடலைமணி கண்ணை மூடிக் கிடந்தான். அவன் கையைத் தொட்டாள், அடுப்பாகக் கொதித்தது. தோளில் ஒட்டியிருந்த காய்ச்சல்கண் காலையில் காட்டிய அதே தொண்ணூற்றெட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. போன வருடம் அவள் விற்ற அதே எண்மாற்றிதான் அதற்குள்ளும் இருந்தது.

நர்ஸைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் நோயாளியைத் தொடவில்லை, காய்ச்சல்கண்ணின் விளக்கைப் பார்த்தாள்.

"பச்சைதானே எரியுது மேடம்?"

தான் சொன்ன அதே சொல்தான். அரசியால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேசிப் பயனில்லை என்று காய்ச்சல்கண்ணைப் பிய்த்தெடுத்துத் தண்ணீர் டம்ளரில் முக்கி, மறுபடி அண்ணன் தோளில் அழுத்தினாள். சட்டென்று ஏறிய சூட்டில் எண்மாற்றி விழித்துக்கொண்டது. நூற்று நான்கு. சிவப்பு எரிந்தது, மணி அலறியது, டாக்டர்கள் ஓடி வந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஊசி போட்டு ஆபத்தில்லை என்றார்கள். காய்ச்சல் திடீரென்று ஏறிவிட்டதாகவும், நல்லவேளை காய்ச்சல்கண் காட்டிக்கொடுத்ததாகவும் நர்ஸ் எல்லோரிடமும் சொன்னாள்.

"நம்ம அரசி செஞ்ச மெஷின்லா அண்ணன் உசுரைக் காப்பாத்திருக்கு," என்றார் சித்தப்பா. சொந்தக்காரர்கள் அவளைப் பெருமையாகப் பார்த்தார்கள். அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்கு ஆசையாக இருந்தது.

"அது காட்டலை சித்தப்பா," என்றாள். "காலையிலேர்ந்து அது தூங்கிட்டுக் கிடந்துச்சு. கறியும் கெட்டுப்போனதுதான். தப்பு என்னோடது."

சித்தப்பா அவள் தலையைத் தடவினார். "பாத்தியளா, இவ்வளவு படிச்சும் எவ்வளவு அடக்கம்."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். சுடலைமணி மட்டும் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

"சும்மா இருட்டி," என்றான் மெதுவாக. "நாலு பேரு பாக்காக."