மூச்சை வெட்டும் வசதி

மூன்று முறை மூடிய கோரிக்கை மறுபடியும் பட்டியலின் உச்சியில் திறந்து கிடந்தது.

எலூபி பல்லைக் கடித்தாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று அவளும் யன்கோவும் ஒன்பது வருடமாகக் கட்டி வளர்த்த ஒலித்தொகுப்பு மென்பொருள் அது. லிம்பே கடைத்தெருவில், சைக்கிள் உதிரிபாகக் கடைக்கு மேலே இரண்டு மேசை போட்ட அறைதான் அவர்களுடைய அலுவலகம். அடுத்த பதிப்பில் என்னென்ன வசதிகளைச் சேர்ப்பது என்று அன்று மாலைக்குள் முடிவு செய்தாக வேண்டும். வந்திருந்த கோரிக்கைகள் அறுபதுக்கு மேல். இருக்கிற இரண்டு பேரால் ஐந்தைத்தான் செய்ய முடியும்.

வெளியே சிப்பெரோனி என்கிற குளிர்காலத் தூறல் மூன்று நாளாக விடவில்லை. மலையிலிருந்து இறங்கிய சாம்பல் ஈரம் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பகல் பதினொரு மணியை அந்தியாக்கியிருந்தது. நனைந்த கம்பளிச் சட்டையின் வாடையும், கீழ்க்கடையின் கிரீஸ் நெடியும், யன்கோ பொட்டலம் கட்டி வாங்கி வந்திருந்த உசிபாக் கருவாட்டின் வாசனையும் அறைக்குள் ஒன்றாகக் கலந்து நின்றன.

"இதைத் திறந்தது நீதானே?" என்றாள்.

"எதைக்கா?"

"அந்த மூச்சு சமாசாரத்தை."

யன்கோ திரும்பாமலே சிரித்தான். "நான் தொடவே இல்ல. முந்நூறு ஓட்டு விழுந்திருக்கு, பாத்தீங்களா? பேசாம சேத்துடலாம். ஒரு நாள் வேலை."

"ஓட்டு போடுறவன் வந்து எழுதித் தருவானா? ராவும் பகலுமா உக்காந்து நான் செஞ்சது அது. இப்ப அணைச்சு வைக்கணுமாம். எவன்டா இவன், பேரு கூடப் போடாம?"

"கத்தாதீங்க. கீழ கடைக்காரரு சுத்தியலைத் தூக்கிட்டு வந்துடுவாரு."

கோரிக்கையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'மூச்சைத் தானாக வெட்டாதீர்கள்.' கீழே ஒரு ஒலிப்பதிவை இணைத்திருந்தார்கள்.

அந்த வரி அவளுக்குப் புதிதல்ல. பேச்சுக்கு நடுவே வரும் மூச்சு, முனகல், மழைச் சத்தம் எல்லாவற்றையும் பதிவைச் சேமிக்கும்போதே துடைத்துவிடும் வசதியை அவள் நான்கு வருடத்துக்கு முன் சேர்த்தாள். வானொலிக்காரர்கள் கொண்டாடினார்கள். எதிர்த்தவள் ஒருத்திதான். தெற்குச் சமவெளியில், ஆற்றங்கரையில், ஒற்றை ஆளாக ஒரு சிறு வானொலியை நடத்திய டொரிக்கா. 'எங்க ஜனங்க மெதுவாப் பேசுறவங்க. உங்க மென்பொருள் அதையும் இரைச்சல்னு வெட்டிடுது. வேணும்கிறவங்க மட்டும் போட்டுக்கட்டுமே' என்று எழுதினாள். 'முடியாது' என்று எழுதி மூடினாள் எலூபி. டொரிக்கா விடாமல் ஐந்து முறை எழுதினாள். ஆறாவது முறை எழுத முடியாதபடி எலூபி அவளைத் தடுத்துவிட்டாள்.

அந்த வருட மழையில் ஆறு ஊருக்குள் வந்தது. இரண்டு நாள் கத்திக் குரல் செத்துப்போன டொரிக்கா, நிலையத்துக் கூரையில் ஒன்பது பேரோடு உட்கார்ந்து, எந்த இடம், எத்தனை பேர் என்று கிசுகிசுப்பாகப் பதிவு செய்து மீட்புக்காரர்களுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்த பதிவில் முதல் இருமலுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. நான்கு நிமிடம், துடைத்து வைத்த மௌனம். படகுகள் வேறு பக்கம் போயின. கூரையில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த ஊர்க்காரர் ஒருவர் இதையெல்லாம் எழுதி அனுப்பிய கடிதத்தை எலூபி யன்கோவிடம் காட்டவில்லை. அழித்துவிட்டாள்.

'எங்கோ அடியில் அணைக்கிற பொத்தான் இருந்ததே, தேடிப் பார்க்கத் தெரியாதா அவளுக்கு?' நான்கு வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே கேள்வியோடு, இது வெறும் குப்பை என்று நிரூபித்துவிடும் ஆத்திரத்தில், அவள் காதொலிப்பானை மாட்டி இணைப்பை ஓடவிட்டாள்.

ஒரு இருமல். பிறகு மூச்சு.

ஈரமான, குளிரில் பல் கிட்டிய மூச்சு. அதன் பின்னால் இன்னொன்று, கனத்தது. சின்னதாக, வேகமாக ஒன்று, அது குழந்தையுடையது. எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். பத்து. அவற்றின் அடியிலிருந்து ஒரு கிசுகிசுப்பு எழுந்தது. "நிலையத்துக் கூரை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி. பத்துப் பேர்."

அப்புறம், மிக அருகில், "கேக்குதா?"

"கேக்கல!" என்று எலூபி வாய்விட்டே கத்தினாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல!"

யன்கோ திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

திரையில் பதிவு முடிந்திருந்தது. காதில் சத்தம் முடியவில்லை. மேசையிலிருந்த ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதை இயக்கவில்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். நிற்கவில்லை. விரலால் மேசையைத் தட்டினாள். அந்தத் தட்டல் காதுக்குள் மங்கலாக, தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

காதொலிப்பானைக் கழற்றினாள். தூறல். கீழ்க்கடையில் சுத்தியல்.

மாட்டினாள். தண்ணீர். சுவரில் மோதி, சுழன்று, ஏறிக்கொண்டிருந்த தண்ணீர்.

குனிந்து பார்த்தாள். சிமெண்டுத் தரை காய்ந்து கிடந்தது.

"என்னக்கா ஆச்சு?" யன்கோ எழுந்தான். நாற்காலி நகர்ந்தது, காதில் ஏதோ கனமானது மிதந்து இடித்தது. அவன் ஒரு அடி வைத்தான். சளப். இன்னொரு அடி. சளப். முழங்கால் ஆழம்.

"வராதே! வெளிய போடா!"

"மொதல்ல அதைக் கழட்டுங்க. மூஞ்சியே வெளுத்துப்போச்சு."

இடுப்பளவு. காதில் அவன் நடக்கவில்லை, தள்ளாடினான். கண்ணெதிரே சாதாரணமாக வந்தான், காய்ந்த செருப்போடு, கையில் தேநீர்க் கோப்பையோடு.

"யன்கோ, போயிடு. என் மேலதான் கோவம் அவளுக்கு. உன் மேல இல்ல."

"யாருக்குக்கா?"

கேள்வியின் கடைசி எழுத்து காதில் குமிழாக உடைந்தது.

காதொலிப்பானைப் பிடுங்க நினைத்தாள். கழற்றினால் அவனுக்கு என்ன ஆகிறதென்று தெரியாமல் போய்விடும். விரல்கள் மறுத்தன.

அவன் அவள் மேசையில் சாய்ந்து நின்று, சிரித்து, சமாதானமாக ஏதோ பேசினான். காதில் குமிழ்கள். தொண்டைக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம். கைகள் எதையோ பிறாண்டும் சத்தம். அவன் கைகளோ கோப்பையை அமைதியாகப் பிடித்திருந்தன.

பிறாண்டல் மெலிந்தது.

நின்றது.

யன்கோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கோப்பையிலிருந்து எழுந்த ஆவி அவன் மூக்கருகே நேராக ஏறிப் போனது, ஒரு மூச்சுக்கும் கலையாமல்.