மஞ்சள் செருப்பு எந்தப் படியில்?

பழைய வீட்டின் கதவை அவள் தள்ளியபோது மழை விட்டிருந்தது. மத்தியான வெளிச்சம் கூடத்தின் பாதிவரைதான் வந்தது. பெரும்பாலும் பூட்டியே கிடக்கும் வீட்டின் ஈர வாடை மூக்கில் ஏறியது. வாசலில் கணவரின் பெரிய செருப்பு கிடந்தது. மாடியறையில் உட்கார்ந்துதான் அவர் கதை எழுதுவார். அவள் சண்டை போட வந்திருந்தாள்.

ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும் கார்ட்டூன் தொடர் அவர்களுடையது. ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு அசட்டுப் பையன், வாரா வாரம் சிரிப்பு. கதை அவர், பின்னணிப் படங்கள் அவள். தொடரில் வரும் வீடு இந்த வீடேதான், படிக்கட்டு, வாசலில் கிடக்கும் அப்பாவின் செருப்பு முதற்கொண்டு. மகளை மட்டும் விட்டுவிட்டார்கள். வாலு என்று கூப்பிட்ட குழந்தை காய்ச்சலில் போன பிறகு தொடங்கிய தொடர் அது. மகளை இதில் இழுக்கவே கூடாது என்று அவள் கேட்டாள். அவரும் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார்.

தொடரின் ரசிகர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்கள். கடிகாரம் ஏன் இடம் மாறியது, சோபா எப்போது கிழிந்தது என்று இணையத்தில் மல்லுக்கட்டுவார்கள். இன்று காலை ஒருவர் படங்களை வரிசையாகப் போட்டிருந்தார். முதல் வருடம் வாசலில் ஒரு ஜோடி சின்ன மஞ்சள் செருப்பு. அடுத்த வருடம் படிக்கட்டின் அடியில். பிறகு நடுப்படியில். போன வாரம் மேல்படியில். 'இந்த வீட்டில் இன்னொரு குழந்தை இருக்கிறது, யாரையோ தேடி ஏறுகிறது' என்பது அவருடைய ஊகம்.

அவள் அதை வரையவில்லை; ஒளிபரப்பாகும் தொடரை அவள் பார்ப்பதுமில்லை. வரைந்து கொடுத்த பிறகு படத்தில் கை வைக்கக்கூடியவர் கணவர் ஒருவர்தான்.

அந்தச் செருப்பைக் காலில் போட்டுத்தான் வாலுவை அடக்கம் செய்தார்கள்.

மாடியறையில் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முதல் வருஷம் நான்தான் வெச்சேன்" என்றார். "ஏதாவது மர்மம் இருந்தா ஜனங்க பேசுவாங்கன்னு."

"நம்ம புள்ளைய வெச்சா விளம்பரம் தேடுனீங்க?"

இத்தனை வருடம் ஒரே தலையணையில் படுத்துக்கொண்டு இந்த மனிதன் கழுத்தை அறுத்திருக்கிறான் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அழுகைகூட வரவில்லை.

"வாசல்ல மட்டும்தான் வெச்சேன்" என்றார் மெல்ல. "அப்புறம் நீதான் நகர்த்துறேன்னு நெனச்சேன். நீ என்னைய மன்னிச்சிட்டேன்னுகூட நெனச்சேன்."

"நான் நகர்த்தல."

படிக்கட்டில் சத்தம் கேட்டது.

சப். சப்.

காலுக்குக் கொஞ்சம் பெரிதாக வாங்கிய செருப்பின் சத்தம். வளர்ற புள்ளை, அளவா வாங்காதீங்க என்று கடையில் சொன்னவள் அவள்தான்.

சத்தம் அறை வாசலில் நின்றது. அங்கே யாருமில்லை. மஞ்சள் செருப்பு மட்டும் உள்ளே பார்த்தபடி இருந்தது, மண் ஒட்டி.

"எதுக்கு வந்திருக்கா?" அவர் குரல் கிசுகிசுத்தது.

"சத்தியம் பண்ணது நீங்க. நீங்களே பதில் சொல்லுங்க."

செருப்பை மிதிக்காமல் தாண்டி அவள் இறங்கினாள். அவர் அவளைக் கூப்பிட்டார். அவள் நிற்கவில்லை.

மேலே கதவு சாத்திக்கொண்டது.

அவள் சாத்தவில்லை.

ஏற்கெனவே முடித்துக் கொடுத்திருந்த அத்தியாயம் அடுத்த வாரம் ஒளிபரப்பானது. மேல்படி காலியாக இருந்தது. ரசிகர் ஒருவர் உடனே எழுதினார்: 'சின்னச் செருப்பை விடுங்கள். வாசலில் அப்பாவின் செருப்பையும் காணோமே, கவனித்தீர்களா?'